தண்ணீர் வருவதற்கு முன்னால் கணக்கு வர வேண்டும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் பொக்லைன் சத்தம் கேட்கத் தொடங்கும். உங்கள் ஊர் வாய்க்காலிலும் ஒருநாள் காலையில் இயந்திரம் இறங்கும். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அடுத்த ஊருக்குப் போய்விடும். கரையில் நின்று பார்க்கும் உங்களுக்கு நாலைந்து கேள்விகள் எழும். இந்த வேலை எங்கிருந்து எதுவரை? எத்தனை அடி ஆழம் எடுக்க வேண்டும்? நம் கடைமடை வரை வருமா, பாலத்தோடு நின்றுவிடுமா? ஒப்பந்தம் எடுத்தவர் யார்? வேலை முடிந்துவிட்டதா, திரும்ப வருவார்களா?

இயந்திரம் ஓட்டுபவரைக் கேட்டால், "சொன்ன இடத்துல வெட்டுறேங்க, எனக்கு என்ன தெரியும்" என்பார். லஸ்கரைக் கேட்டால் பிரிவு அலுவலகத்தைக் கைகாட்டுவார். அங்கே போனால் பொறியாளர் வேறு வேலையிடத்துக்குப் போயிருப்பார். இப்படியே மே மாதம் ஓடிவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணையைத் தாண்டி உங்கள் மதகுக்கு வந்துவிட்டால், வாய்க்காலின் அடிமட்டத்தை யாரும் பார்க்க முடியாது. வெட்டிய ஆழம் ஒரு அடியா, அரை அடியா என்பதற்குச் சாட்சி தண்ணீருக்கு அடியில் போய்விடும். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாதபோதுதான் உண்மை தெரியும். அதற்குள் குறுவை நாற்று முற்றிவிடும்.

அரசுப் பணத்தில் நடக்கும் இந்த வேலைகளின் விவரம் ரகசியமா? இல்லை. 'தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம்' 1998-லேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழ் வெளியிட வேண்டும், யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது, மற்றவர்களுடையது ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதையும் அந்த இதழுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். இப்போது அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளமும் இருக்கிறது. கணினி உள்ளவர் யாரும் திறந்து பார்க்கலாம்.

அப்படியானால் குறை எங்கே? அந்தத் தகவல் யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதில்தான்.

ஒப்பந்தக்காரருக்கான ஜன்னல்

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, முன்வைப்புத் தொகை, எந்த வகுப்பு ஒப்பந்தக்காரர் கலந்துகொள்ளலாம், ஆவணங்களை எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். வேலைக்குப் போட்டியிடுபவருக்கு வேண்டியது அதுதான். அதில் தவறில்லை.

ஆனால் அந்த வாய்க்காலின் தண்ணீரில் பயிர் செய்பவருக்கு வேண்டியது வேறு. அறிவிப்பில் "எல்.எஸ். 0 முதல் 2,400 மீட்டர் வரை" என்று இருக்கும். எல்.எஸ். என்றால் தலைப்பிலிருந்து வாய்க்காலின் நீளவாக்கில் அளந்துகொண்டு வரும் தூரம். பொறியாளருக்கு அது உடனே புரியும். உங்களுக்கோ, "தலைப்பு மதகிலிருந்து அய்யனார் கோயில் பாலம் வரை" என்று சொன்னால்தான் புரியும். இரண்டும் ஒரே தகவல். முதலாவதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைக் கேட்டதும், "பாலத்துக்குக் கீழே உள்ள 600 மீட்டர் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுவீர்கள்.

துறைப் பிரிவினையும் ஒரு சிக்கல். ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. சி, டி வாய்க்கால்களில் வேளாண் பொறியியல் துறையோ ஊரக வளர்ச்சித் துறையோ வேலை எடுக்கும். இணையதளத்தில் தேட வேண்டுமென்றால் முதலில் துறையைத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றிலிருந்து நம் வயல் மடை வரைக்கும் தண்ணீர் ஒரே பாதையில்தான் வருகிறது. அந்தப் பாதை அலுவலகங்களில் இரண்டு மூன்று கோப்புகளாகக் கிடக்கிறது. பி வாய்க்காலைத் தூர்வாரி, சி வாய்க்காலை விட்டுவிட்டால் பலன் பாதிதான். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமானால் எல்லாத் துறை வேலைகளும் வாய்க்கால் வாரியாக ஒரே தாளில் இருக்க வேண்டும்.

யூனிட் கணக்கில் சொல்லுங்கள்

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அடி அகலம் 2 மீட்டர் உள்ள வாய்க்கால். 1 கிலோமீட்டர் நீளத்துக்கு 30 சென்டிமீட்டர் வண்டல் எடுக்க வேண்டும் என்று மதிப்பீடு. 1,000 மீட்டரை 2-ஆலும் 0.3-ஆலும் பெருக்கினால் 600 கன மீட்டர். ஆவணத்தில் இந்த 600 மட்டும்தான் இருக்கும்.

மண் வாங்கி விற்ற நமக்குப் பழக்கமான அளவு யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய 2.83 கன மீட்டர். 600 கன மீட்டர் என்றால் சுமார் 212 யூனிட். இவ்வளவு மண் வெளியே வந்தாக வேண்டும். கரையிலேயே போட்டிருந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 21 கன அடி மண் குவிந்திருக்க வேண்டும். வெட்டிய மண் உதிர்ந்து சற்றுக் கூடும், கொஞ்சம் கரையைப் பலப்படுத்தப் போகும், கொஞ்சம் சரிந்து உள்ளேயே விழும். அதனால் பைசா சுத்தமாகக் கணக்கு வராது. ஆனால் 212 யூனிட் எடுத்த வாய்க்காலையும் வெறும் 50 யூனிட் எடுத்துவிட்டு நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் அறுத்துப்போட்ட வாய்க்காலையும் கரையில் நிற்கும் எந்த விவசாயியும் ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லிவிடுவார். அவருக்குத் தேவையானது அந்த 212 என்ற எண் மட்டும்தான்.

பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தகவலை வடிவமைக்க வேண்டும் என்று வல்லுநர்கள் பேசுவதன் பொருள் இதுதான். ஆயிரம் பக்க ஆவணத்தை இணையத்தில் ஏற்றுவதால் அது நடந்துவிடாது. யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், எந்தத் தேதிக்குள் கேட்கிறார் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்தக் கேள்விக்கு விடையாகத் தகவலை வைக்க வேண்டும்.

தேதிதான் உயிர்

"தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, மனுப் போடுங்கள்" என்று சொல்வார்கள். போடலாம். 2005-ல் வந்த அந்தச் சட்டம் நமக்குக் கிடைத்த பெரிய ஆயுதம். ஆனால் மனுவுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மே 15-ல் மனுப் போட்டால் பதில் வருவதற்குள் மேட்டூர் மதகு திறந்திருக்கும். பதில் திருப்தியாக இல்லையென்று மேல்முறையீடு செய்தால் சம்பா நாற்றங்கால் விடும் காலம் வந்துவிடும். அணை எல்லா ஆண்டும் ஜூன் 12-ல்தான் திறக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் தூர்வாரும் வேலைக்குக் கிடைக்கும் நாள்கள் இன்னும் குறைவு. அப்போது அவசரத்தில் எது விடுபட்டது என்று தெரிந்துகொள்வது இன்னும் அவசியம்.

அதனால் மனுப் போட்டு வாங்கும் தகவலாக இது இருக்கக் கூடாது. கேட்காமலே வர வேண்டும். அதற்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. நான்காவது பிரிவு, அரசு அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தத் தகவலை உள்ளூர் மொழியில், அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியில், எளிதில் கிடைக்கும்படி தர வேண்டும் என்றும் சொல்கிறது. கடைமடை ஊருக்கு ஏற்ற வழி எது? ஊராட்சி அலுவலகச் சுவர், ரேஷன் கடை வாசல், கூட்டுறவு சங்கக் கட்டடம், வாய்க்கால் தலைப்பில் ஒரு பலகை. இவற்றோடு உழவன் செயலியிலும் வரட்டும். 2018 முதல் புழக்கத்தில் இருக்கும் அந்தச் செயலியில் உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வாய்க்கால் வேலையும் தெரிய வேண்டும்.

ராஜஸ்தான் காட்டிய வழி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நீங்கள் நினைக்கலாம். நம்மைவிட எழுத்தறிவு குறைவான வறண்ட பூமியில் நடந்திருக்கிறது. ராஜஸ்தானில் 1990-ல் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய கோஷம், "எங்கள் பணம், எங்கள் கணக்கு". 1994 டிசம்பரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். ஊர்ப் பணிகளின் வருகைப் பதிவேடு, பில், ரசீது ஆகியவற்றின் விவரங்களை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். கட்டாத வேலைக்குக் கணக்கு, வராத ஆளுக்குக் கூலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. படிக்கத் தெரியாதவர்கள்கூட அங்கே தணிக்கை அதிகாரி ஆனார்கள். ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்த வேலையின் கணக்கு அவர்கள் மொழியில் காதில் விழுந்தது. நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் வளர்ந்ததில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே மாநிலத்தில் 2019 செப்டம்பரில் 'ஜன் சூச்சனா' என்ற இணையதளத்தை அரசு தொடங்கியது. மக்கள் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி உருவாக்கியது அது. எங்கள் ரேஷன் கடைக்கு எவ்வளவு தானியம் வந்தது, எங்கள் ஊராட்சியில் என்ன வேலை நடக்கிறது என்று மக்கள் கேட்கும் வடிவத்திலேயே தகவல் இருக்கும். மனு வேண்டாம், கட்டணம் வேண்டாம்.

நமக்கும் இது முழுக்கப் புதிதல்ல. நூறு நாள் வேலையில் வேலையிடத்தில் பலகை வைப்பதையும், சமூகத் தணிக்கை நடப்பதையும் பார்த்திருக்கிறோம். எத்தனை இடத்தில் முறையாக நடந்தது என்பது வேறு கேள்வி. கணக்கை ஊருக்குச் சொல்லும் வழக்கம் அரசுக்குத் தெரியாத ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு வேலைக்கு ஒரே எண்

நிலத்துக்குப் பட்டா எண் இருக்கிறது. மாட்டுக்குக் காதில் 12 இலக்க வில்லை இருக்கிறது. வாய்க்கால் வேலைக்கும் ஒரே எண் வேண்டும். இப்போது மதிப்பீடு ஒரு கோப்பில், ஒப்பந்தப்புள்ளி ஒரு தளத்தில், ஒப்பந்தம் இன்னோர் அலுவலகத்தில், வேலை முடித்த அளவு எம்-புக்கில், பணம் கொடுத்த விவரம் கருவூலத்தில் என்று சிதறிக் கிடக்கிறது. ஒரு எண்ணைச் சொன்னால் திட்டமிட்ட நாளிலிருந்து பணம் கொடுத்த நாள் வரை எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும்.

அரசுக் கொள்முதல் தகவலை இப்படி ஒரே எண்ணில் கோத்து வெளியிட 2014-லேயே உலக அளவில் பொது இலக்கணம் ஒன்றை வகுத்துவிட்டார்கள். உக்ரைன் நாடு 2016-ல் தன் அரசுக் கொள்முதல் முழுவதையும் 'புரோசோரோ' என்ற ஒரே மின்னணு முறைக்குக் கொண்டுவந்தது. 'எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்' என்பது அதன் கொள்கை. அதே ஆண்டு இறுதியில் அங்குள்ள ஊழல் எதிர்ப்பு அமைப்பு ஒன்று, 'இந்த ஒப்பந்தத்தில் இன்ன குறை' என்று யாரும் சுட்டிக்காட்டக்கூடிய தனித் தளத்தைத் தொடங்கியது. அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தகவலை வெளியிட்டால் மட்டும் போதாது. அதைப் பார்த்துவிட்டுக் குறை சொல்ல ஒரு இடமும், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையில் எழுதிய எண் வெயிலில் வெளுத்துப்போவதோடு சரி.

எதிர்க் கேள்விகள்

பொறியாளர்கள் தரப்பில் இரண்டு நியாயமான கவலைகள் உண்டு. ஒன்று, ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, இந்த வேலை வேறா என்பது. இதற்குப் புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. வாய்க்காலின் பெயர், நீளம், ஆழம், மண் அளவு எல்லாம் மதிப்பீட்டில் இருக்கின்றன. தொகையும் முடிக்க வேண்டிய தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அவற்றில் ஏழெட்டு வரிகளை எடுத்துத் தமிழில் எழுத வேண்டும். கூடுதல் உழைப்பு, தலைப்பிலிருந்து அளந்த தூரத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர் சொல்லும் பாலத்தின் பெயரைச் சேர்ப்பதுதான். அதை லஸ்கரே சொல்லிவிடுவார்.

இன்னொரு கவலை, தொகையைப் பலகையில் எழுதினால் உள்ளூரில் சிலர் அதைக் காட்டி ஒப்பந்தக்காரரிடம் பணம் பறிப்பார்கள் என்பது. அப்படி நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் பறிக்க வருகிறவருக்கு அந்தத் தொகை இப்போதே தெரியும். தெரியாமல் இருப்பது விவசாயிக்கு மட்டும்தான். ஊருக்கே தெரிந்த கணக்கை வைத்து ஒருவர் தனியாக மிரட்டுவது கடினம். ஒழுங்காக வேலை செய்யும் ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் ஊரே சாட்சியாக நிற்கும்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் படிக்கும் வேளாண் அலுவலர்களே, உதவி வேளாண் அலுவலர்களே, இந்தத் தகவல் உங்களுக்கும்தான் தேவை. "நாற்று எப்ப விடலாம் சார்?" என்று மே மாதம் முழுக்க உங்களைத்தான் கேட்கிறார்கள். எந்த வாய்க்கால் எந்தத் தேதியில் முடியும் என்று தெரிந்தால்தான் குறுகிய கால ரகமா, மத்திய கால ரகமா, நேரடி விதைப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியும். விதை எந்த ஊருக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் அதை வைத்தே திட்டமிடலாம். உங்கள் விரிவாக்க மையத்தின் பலகையில் உர இருப்பும் விதை இருப்பும் எழுதுகிறீர்கள். அதன் கீழே உங்கள் வட்டாரத்து வாய்க்கால் பட்டியலுக்கும் இடம் கொடுங்கள்.

இந்தப் பருவத்தில் என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியது எட்டு விவரங்கள்தான். வாய்க்காலின் பெயர். ஊர்க்காரர் அறிந்த அடையாளத்தில் தொடக்கமும் முடிவும். சராசரி ஆழம். எடுக்க வேண்டிய மண், யூனிட் கணக்கில். ஒப்பந்தத் தொகை. ஒப்பந்தக்காரர் பெயர். தொடங்கும் தேதியும் முடிக்கும் தேதியும். பொறுப்புப் பொறியாளரின் அலுவலக எண். இந்த எட்டும் தமிழில், ஒரே தாளில் வர வேண்டும்.

நாள்களும் நமக்குச் சாதகமாகவே இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். எந்தெந்த வாய்க்கால் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது, எது விடுபட்டது என்று கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அடுத்தது மே 1. அன்று வேலை பாதி நடந்துகொண்டிருக்கும். எட்டு விவரங்களையும் சபையில் வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். இடையில் மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுங்கள். தனியாளாகப் போகாமல் பாசனதாரர் சங்கமாகப் போங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. காகிதத்தின் நகலைக் கேட்பது மட்டுமல்ல, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும் குறிப்பெடுக்கவும் அது உரிமை தருகிறது. மனுவை மார்ச் மாதத்திலேயே போட்டுவிட்டால் பதில் ஏப்ரலில் கைக்கு வரும்.

அதற்குப் பிறகு உங்களுக்கு வேண்டியது ஒரு அளவு நாடாவும் ஒரு கம்பும். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதே இறங்கி, பாலத்துக்கு மேலே ஓர் இடத்தில், கீழே ஓர் இடத்தில், கடைமடையில் ஓர் இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. தேதி போட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு தன் கணக்கைச் சொல்லும் நாளில், ஒப்பிட்டுப் பார்க்க நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.